அடுத்த பயிற்றுவிப்பாளர் யார்?

கிழக்கிலங்கையின் கரையோரத்தில், அம்பாறை மாவட்டத்தின் தென்புறத்தே அமைந்த ஊர் பொத்துவில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நெல்வயல், இடையிடையே களப்பு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை வழியாக வரும் நெடுஞ்சாலை இங்கேதான் கிழக்குக் கடலை முதன்முதலாக எட்டுகின்றது. அதன் பின்னர் அது வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்களைக் கடந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லுகின்றது. உலகத்தார் இவ்வூரை அறுகம்குடாவின் அலைகளால் அறிவர். பலகையின் மேல் நின்று அலையில் சறுக்குவோர் பல தேசங்களிலிருந்தும் அங்கே வருகின்றனர். ஆனால், இக்கரையோரத்து ஊர்களிலே பிறந்து வளர்ந்த இளைஞர் பலரின் நெஞ்சைக் கவர்ந்த விளையாட்டு அலைச்சறுக்கு அன்று, உதைபந்தாட்டமே ஆகும்.

அஸர் தொழுகை முடிந்த பின்னர் மணல் மைதானங்களிலே பந்து உருளத் தொடங்கும். மஃரிப் வேளையில் ஆட்டம் ஓயும்; ஆட்டத்தைப் பற்றிய பேச்சோ ஓய்வதில்லை. அது தேநீர்க் கடை வாங்குகளுக்கு இடம் மாறிக்கொள்ளும். தேசிய அணியின் பயிற்றுவிப்பாளர் பதவி வெற்றிடமாகிவிட்டது என்ற செய்தி வந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. “காக்கா, இந்த முறை வெள்ளைக்காரன்தான் வருவான்” என்பான் ஓர் இளைஞன். “நம்முடைய ஆட்களுக்கு நம்முடைய மொழி தெரிந்தவன்தான் வேண்டும், தம்பி” என்பார் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர். “ஆளைப் பற்றிப் பேசுகிறீர்களே, மைதானத்தைப் பற்றிப் பேசினீர்களா?” என்று கேட்பார் ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர். இம்மூவருள் ஒருவருக்கேனும் பதவிக்குரியவரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் இல்லை. ஆயினும், அப்பொறுப்பு முழுவதும் தம் தோள்மேல் சுமத்தப்பட்டது போலவே அவர்கள் வாதிடுவர்.

இவ்வாறான பேச்சை வீண்பேச்சு என்று ஒதுக்கிவிடுவோர் உளர். அது சரியன்று. தமக்கு உரியது என்று கருதும் ஒன்றைப் பற்றியே மக்கள் இவ்வளவு ஊன்றி ஊகிப்பர். அணி தோற்றால் அவர்கள் வீட்டில் அன்றிரவு உணவு இறங்குவதில்லை. ஆகவே, அடுத்து வருபவர் யார் என்று அறிய விரும்புவது அவர்களின் இயல்பு. ஆனால், அந்த ஊகம் எதைச் சுற்றிச் சுழலுகின்றது என்பதே ஆராய வேண்டிய பொருள். அது பெயரை மட்டும் சுற்றினால் ஏமாற்றத்தில் முடியும்; பதவியின் இயல்பையும் அதற்குரிய அதிகாரத்தையும் சுற்றினால் நாட்டுக்கே நன்மை பயக்கும்.

அண்டை நாடாகிய இந்தியாவில் 2025 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். இந்திய ஆண்கள் அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்த ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் அவ்வாண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் பதவியை விட்டு நீங்கினார். அவருடைய ஓராண்டுக் காலத்தில் இந்தியா எட்டு ஆட்டங்களை ஆடி ஒன்றிலேயே வென்றிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஹொங்கொங் அணியிடம் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திலே ஒரு கோலால் தோற்றதும் பெருங் கசப்பை உண்டாக்கியிருந்தது. அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அப்பதவிக்கு விண்ணப்பங் கோரியது. வந்து குவிந்த விண்ணப்பங்கள் 170.

அந்த 170 இல் இரு பெயர்கள் நாடெங்கும் பரபரப்பை மூட்டின. ஒன்று, பார்சிலோனா அணியின் முன்னாள் வீரரும் பயிற்றுவிப்பாளருமான ஸவி ஹெர்னாண்டஸ். மற்றையது, அவ்வேளையில் மான்செஸ்டர் சிட்டி அணியை நடத்திக்கொண்டிருந்த பெப் கார்டியோலா. ஸவி விண்ணப்பித்தாராம், அவருக்குக் கொடுக்கப் பணம் இல்லையாம் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. இந்தியாவில் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் அச்செய்தி பேசப்பட்டது. சிலர் பெருமிதங் கொண்டனர். சிலர் பணம் திரட்டலாமே என்றனர். சிலர் இத்தகையவரையும் விட்டுவிட்டார்களே என்று சம்மேளனத்தைத் திட்டினர். சில நாட்களில், ஜூலை 26 ஆம் திகதி, சம்மேளனம் உண்மையை வெளியிட்டது. அவ்விருவர் பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல. யாரோ விளையாட்டாக அனுப்பியவை.

இங்கே சிரிப்பதற்கு இடமுண்டு, சிந்திப்பதற்கும் இடமுண்டு. இரு போலிக் கடிதங்கள் இத்தனை பேரை எவ்வாறு ஏமாற்றின? பெரிய பெயர் ஒன்று வந்தால் பெரிய வெற்றி தானாகவே பின்தொடரும் என்ற நம்பிக்கை முன்னரே மனத்தில் வேரூன்றியிருந்தமையே காரணம். தாகங் கொண்டவனுக்குக் கானலும் நீராகத் தோன்றும். உலகத் தரவரிசையில் நூறுக்கும் கீழே கிடந்த ஓர் அணியை, உலகின் முதல்வரிசைப் பயிற்றுவிப்பாளர் ஏன் நாடி வரவேண்டும் என்ற எளிய கேள்வியை அந்தத் தாகம் கேட்கவிடவில்லை.

உண்மையான தேர்வோ வேறு விதமாக நடந்தது. முன்னாள் வீரர் ஐ. எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு இறுதியில் மூன்று பெயர்களை முன்வைத்தது. முன்னர் இரு முறை இந்திய அணியை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் கொன்ஸ்டன்டைன் ஒருவர். ஸ்லோவாக்கியா தேசிய அணியை நடத்திய ஸ்டெஃபான் தர்கோவிச் மற்றொருவர். ஜம்ஷெட்பூர் அணியின் பயிற்றுவிப்பாளர் காலித் ஜமீல் மூன்றாமவர். ஓகஸ்ட் 1 ஆம் திகதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அப்பதவியில் நிலையாக அமர்ந்தது பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரேயாகும். 2017 இல் மிசோரம் மாநிலத்தின் சிறிய அணியான ஐஸோலை இந்திய லீக் வெற்றியாளராக்கிக் காட்டியவர் அவர் என்பதை உதைபந்தாட்ட அன்பர்கள் மறந்திருக்கவில்லை.

அவருடைய முதல் ஆட்டத்தில் இந்தியா தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என வென்றது. அச்சுற்றுப் போட்டியின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஓமானைப் பெனல்டி உதைகளில் வென்றது. மக்கள் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடினர். ஒக்டோபர் மாதத்தில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்றதும் ஆசியக் கிண்ணத்துக்குச் செல்லும் வழி அடைபட்டது. புகழ்ந்த வாய்களிற் பல இகழவும் தொடங்கின. ஆனால், அப்பிரிவில் இந்தியா ஆடவேண்டிய ஆறு ஆட்டங்களில் இரண்டு அவர் வருமுன்னரே முடிந்திருந்தன; அவற்றிற் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. முன்னவர் விட்டுச் சென்ற கணக்கையும் பின்னவரே தீர்க்கவேண்டும் என்பது இப்பதவியின் விதி. பெயரை மட்டும் பார்ப்பவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இனி, பதவியின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். பயிற்றுவிப்பாளர், முகாமையாளர் என்று இரு சொற்கள் வழங்குகின்றன. இவை ஒன்றா, வெவ்வேறா? அணியைப் பயிற்றுவது ஒரு வேலை. ஆட்டக்காரரைத் தெரிவது மற்றொரு வேலை. புதியவர்களைத் தேடிக் கொணர்வது மூன்றாவது வேலை. செலவுக்கும் பயணத்துக்கும் ஏற்பாடு செய்வது நான்காவது வேலை. இந்நான்கையும் ஒருவரே செய்யும் அணிகள் உள. நால்வர் பங்கிட்டுக்கொள்ளும் அணிகளும் உள. யார் எதற்குப் பொறுப்பு என்று தெளிவாக வகுக்கப்படாத இடத்தில், வெற்றி வந்தால் நால்வரும் உரிமை கோருவர். தோல்வி வந்தால் பயிற்றுவிப்பாளர் ஒருவர் மட்டும் வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய உதைபந்தாட்டத்தில், பொது முகாமையாளர் என்று ஒருவரும் தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்று ஒருவருமாக இருவர் இருப்பது வழக்கம். ஆட்டக்காரரைச் சேர்ப்பதும் விலக்குவதும் பெரும்பாலும் முன்னவர் கடன். சேர்ந்தவரை ஆட வைப்பது பின்னவர் கடன். பருவம் முடிந்த மறுநாளே பல அணிகளில் இவர்களின் தலை உருளும். அப்போது இரசிகர்கள் எழுப்பும் கேள்வி கூர்மையானது. முதலில் நியமிக்கவேண்டியது முகாமையாளரையா, பயிற்றுவிப்பாளரையா? முதலில் வருபவரே மற்றவரைத் தெரிவாராயின், அணி யாருடைய கொள்கைப்படி நடக்கும் என்பது அவ்வரிசையிலேயே தீர்ந்துவிடுகின்றது. அந்நாட்டில் 2003 ஆம் ஆண்டு முதல் மற்றுமொரு விதியும் உண்டு. தொடக்கத்தில் அவ்விதிப்படி, தலைமைப் பயிற்றுவிப்பாளரைத் தெரியும் ஒவ்வோர் அணியும் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையேனும் நேர்முகங் கண்டாக வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்க் அணியின் உரிமையாளராயிருந்த டான் ரூனியின் பெயரால் வழங்கும் அவ்விதி, திரைமறைவில் தெரிந்தவருக்கே பதவி போய்ச் சேரும் வழக்கத்தைத் தடுப்பதற்கு எழுந்தது.

ஆட்டக்காரரைத் தெரியும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு தரும் பாடத்தைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. 1946 முதல் 1962 வரை இங்கிலாந்து அணியின் முகாமையாளராக இருந்தவர் வால்ற்றர் விண்டர்பொட்டம். கல்வியும் ஆட்ட நுணுக்கமும் நிறைந்தவர். ஆனால், அணியைத் தெரிந்தது அவரல்லர். சங்கத்தின் தெரிவுக் குழுவினரே. அவர்கள் தெரிந்து கொடுத்தவர்களை வைத்து அவர் ஆடவேண்டியிருந்தது. 1950 இல் உலகக் கிண்ணப் போட்டியில் அமெரிக்காவிடம் 0-1 எனத் தோற்றனர். 1953 இல் இலண்டன் வெம்பிளி மைதானத்திலேயே ஹங்கேரியிடம் 3-6 எனத் தோற்றனர்.

விண்டர்பொட்டம் விலகியபோது அடுத்தவர் யார் என்று இங்கிலாந்து முழுவதும் ஊகித்தது. சங்கத்தினர் முதலில் அணுகியது பேர்ண்லி அணியின் ஜிம்மி அடம்சனை, அவர் மறுத்துவிட்டார். பின்னரே இப்ஸ்விச் என்னும் சிறிய நகரத்து அணியை 1962 இல் முதற்பிரிவு வெற்றியாளராக்கிய அல்ஃப் ராம்ஸியை நாடினர். அவர் ஒரு நிபந்தனை விதித்தார். அணியைத் தெரியும் அதிகாரம் முழுவதும் தமக்கே வேண்டும் என்பதே அது. சங்கம் இணங்கியது. 1963 பெப்ரவரியில் அவருடைய முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து பாரிஸ் நகரில் பிரான்ஸிடம் 2-5 எனத் தோற்றது. அன்றே அவரை விலக்கியிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். விலக்கவில்லை. 1966 ஜூலை 30 ஆம் திகதி இங்கிலாந்து மேற்கு ஜேர்மனியை 4-2 என வென்று உலகக் கிண்ணத்தை ஏந்தியது. முதலில் கேட்கப்பட்டவர் அவரல்லர். முதல் ஆட்டத்தில் வென்றவரும் அவரல்லர். ஆனால், அவருக்கு அதிகாரமும் காலமும் கொடுக்கப்பட்டன.

காலம் கொடுப்பதன் பயனை ஆர்சனல் அணியின் கதையும் காட்டுகின்றது. 1925 இல் அவ்வணியின் தலைவர் பத்திரிகையில் முகாமையாளர் பதவிக்கு விளம்பரம் செய்தார். பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரரை வாங்கினாலன்றி அணியை உருவாக்க மாட்டாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டா என்ற கருத்து அதில் இருந்தது. பதவிக்கு வந்தவர் ஹேபர்ட் சப்மன். ஹடர்ஸ்ஃபீல்ட் அணிக்கு அடுத்தடுத்து இரு முறை லீக் வெற்றியைத் தேடிக் கொடுத்தவராயிருந்தும், ஆர்சனல் அணிக்கு முதற் கிண்ணத்தை அவர் பெற்றுக் கொடுத்தது 1930 இலேதான். ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்தனர். இதற்கு மாறாக, 1974 இல் லீட்ஸ் அணிக்கு வந்த பிரையன் குளோ 44 நாட்களில் விலக்கப்பட்டார். அதே குளோ பின்னர் நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட் என்னும் அணியை 1979 இலும் 1980 இலும் ஐரோப்பிய வெற்றியாளராக்கினார். ஆள் ஒருவரே; இடமும் காலமும் வேறு.

மேலைநாட்டுக் கதைகள் போதும், கீழைநாட்டில் இத்தகையவர் இருந்தனரா என்று வினவலாம். இருந்தார். ஹைதராபாத் நகரைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1950 முதல் 1963 இல் இறக்கும் வரை இந்திய அணியைப் பயிற்றியவர். அவருடைய காலத்தில் இந்தியா 1951 இல் புதுடில்லியிலும் 1962 இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக் போட்டியில் நான்காம் இடத்தைப் பெற்றது. ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது அவர் புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவர் காலமானார். அதன் பின்னர் ஆசிய விளையாட்டு விழாவில் உதைபந்தாட்டத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவேயில்லை. உலகப் புகழ் பெற்ற பெயரைத் தேடி அவரைக் கொணரவில்லை. தம் நாட்டு வீரரின் உடல்வலுவும் குறைபாடும் அறிந்த ஓர் ஆசிரியரை நம்பிப் பத்தாண்டுகளுக்கு மேல் விட்டுவைத்தனர்.

இனி இலங்கைக்கு வருவோம். 1995 இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ணப் போட்டியில் இந்தியாவை வென்று வெற்றியாளரான நாடு இது. 2006 இல் ஆசிய சவால் கிண்ணப் போட்டியின் இறுதியாட்டம் வரை சென்ற நாடும் இதுவே. ஆனால், அண்மைக்காலத்தில் பயிற்றுவிப்பாளர் ஆசனம் அடிக்கடி கைமாறியது. 2018 இல் முன்னாள் தேசிய வீரர் நிசாம் பக்கீர் அலி. 2020 இல் பொஸ்னியாவிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த அமீர் அலாகிச். 2022 இல் மான்செஸ்டர் சிட்டியின் முன்னாள் தலைவரான ஸ்கொட்லாந்துக்காரர் அண்டி மொறிசன். 2024 இல் குவைத் நாட்டவரான அப்துல்லா அல் முதைரி. உள்நாட்டவர், அவுஸ்திரேலியர், ஐரோப்பியர், அரபு நாட்டவர் என்று ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில் எல்லாத் திசைகளிலும் தேடப்பட்டது. தேநீர்க் கடையில் முன்மொழியப்பட்ட ஒவ்வொரு கொள்கையும் ஒவ்வொரு முறை நிறைவேறிவிட்டது எனலாம்.

இவர்களுள் யார் வல்லவர் என்று ஒப்பிடுவது எளிதன்று. 2023 ஜனவரியில் அகில உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய ஃபிஃபா, மூன்றாந் தரப்பினரின் தலையீட்டைக் காரணங் காட்டி இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. தடை நீக்கப்பட்டது ஓகஸ்ட் மாதத்தில். ஏழு மாதங்கள் நாட்டின் அணி பிற நாட்டு அணி எதனுடனும் ஆட இயலாமற் போயிற்று. எவ்வளவு பெரிய பயிற்றுவிப்பாளரேயாயினும், ஆட்டமில்லாத அணியை வைத்து என் செய்ய முடியும்? கப்பல் கட்டுத்துறையில் பூட்டிக் கிடக்கும்போது மாலுமியின் திறமையை அளப்பது எங்ஙனம்? தலைமைப் பதவிகளைப் பற்றிய பூசலே அணியின் ஆட்டத்தை நிறுத்திவிட்ட அந்நாட்களில், அடுத்த பயிற்றுவிப்பாளர் யார் என்ற ஊகம் பொருளற்றதாயிற்று. அன்று கேட்கவேண்டியிருந்த கேள்வி, சம்மேளனத்தை நடத்துவது எவ்வாறு என்பதே.

தடை நீங்கிய பின்னர் நல்ல காலமும் வந்தது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அதன் தலைநகரிலேயே பெனல்டி உதைகளில் வென்று, இலங்கை ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்குச் சென்றது. 2025 ஜூன் மாதத்தில் கொழும்பில் சீன தாய்பே அணியை 3-1 என வென்றது. நெடுநாளாகத் தோல்வியே கேட்டுப் பழகிய செவிகளுக்கு அச்செய்தி தேனாக இனித்தது. இவ்வெற்றிகளில் ஜேர்மனி, அவுஸ்திரேலியா, சுவீடன் முதலிய நாடுகளிற் பிறந்தோ வளர்ந்தோ வந்த இலங்கை வம்சாவளி ஆட்டக்காரருக்குப் பெரும்பங்கு உண்டு. தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ இந்நாட்டுக்கு உரியவர்கள் கடல் கடந்து வந்து நாட்டுக்காக ஆடுவது மகிழ்ச்சிக்குரியது. அதில் குறை காண இடமில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. பொத்துவிலிலிருந்து கொழும்புக்கு நெடுஞ்சாலை வழியே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய நகரமொன்றில் ஆடும் ஆட்டக்காரரின் ஆட்டத்தைப் படச்சுருளாகக் கொழும்பில் இருந்தவாறே பயிற்றுவிப்பாளர் பார்த்துவிடலாம். பொத்துவில் மணலில் ஆடும் பதினைந்து வயதுப் பையனின் ஆட்டத்தை அவர் பார்ப்பது எவ்வாறு? அவனுடைய ஆட்டத்தைப் படம் பிடிப்பார் இல்லை. கால்களுக்கேற்ற காலணி அவனிடம் இல்லாமலிருக்கலாம். புல்தரையில் ஆடிய பழக்கம் அவனுக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால், மணலில் ஓடி உரமேறிய அவனுடைய கணுக்காலும் பந்தை அடக்கும் நுணுக்கமும் நாட்டுக்கு வேண்டாதவை ஆகா. அவனைக் காணவேண்டுமாயின் யாரேனும் முந்நூறு கிலோமீற்றர் பயணஞ் செய்தாக வேண்டும். அது பயிற்றுவிப்பாளரின் கடமையா, முகாமையாளரின் கடமையா, மாவட்ட லீக்கின் கடமையா என்று வகுக்கப்படாதிருக்கும் வரை, அது ஒருவருக்கும் கடமை ஆகாது. பையன் இருபது வயதை அடைவான். வெளிநாட்டு வேலைக்குச் செல்வான். ஆட்டம் மணலோடு போய்விடும்.

திருக்குறளிலே பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என்றும் தெரிந்து வினையாடல் என்றும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒருவனை ஆராய்ந்து தெரிந்து நம்புவது முதலாவது. தெரிந்தவனுக்கு ஏற்ற வினையைக் கொடுத்து ஆளுவது இரண்டாவது. அரசனுக்குச் சொல்லப்பட்ட இம்முறை, இன்றைய அணிகளுக்கும் பொருந்துகின்றது. தெரியுமுன் எத்தனை ஐயமும் கொள்ளலாம். எத்தனை கேள்வியும் கேட்கலாம். தெரிந்த பின்னர் அதிகாரத்தைக் கொடுத்து, வேலை செய்யவிடவேண்டும். விளையாட்டு உலகில் பெரும்பாலும் நடப்பதோ இதற்கு நேர்மாறு. தெரியுமுன் பெயரைக் கண்டு மயங்கி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தெரிந்த பின்னர் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐயங்கொண்டு அவரை உலுக்குகின்றனர்.

ஆகவே, அணியை நேசிப்போர் தம் ஊகத்தை விட்டுவிட வேண்டுவதில்லை. அதன் திசையை மாற்றினாற் போதும். யார் வருவார் என்ற ஒரு கேள்விக்குப் பதிலாக நான்கு கேள்விகளைக் கேட்கலாம். வருபவரே அணியைத் தெரிவாரா, அல்லது அவருக்குப் பின்னால் வேறு யாரேனும் பட்டியல் எழுதுவரா? எத்தனை ஆண்டுகளுக்கு அவர் நியமிக்கப்படுகின்றார். எதைக் கொண்டு அவருடைய பணி அளக்கப்படும்? மாகாணங்களிலுள்ள இளம் ஆட்டக்காரரை நேரிற் காண ஆண்டுக்கு எத்தனை முறை அவரோ அவர் அனுப்பியவரோ வருவர். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் வருவது எப்போது? விண்ணப்பித்தவர்களுள் இவர் எத்தகுதியால் தெரியப்பட்டார் என்பதை மக்கள் அறியும்படி வெளியிடுவரா? இந்தியச் சம்மேளனம் மூன்று பெயர்களை வெளியிட்டபடியால், வாதமும் அம்மூன்று பேரின் தகுதியைப் பற்றியே நடந்தது. மறைத்து வைத்த இடத்தில் வதந்தி முளைக்கின்றது. வெளிச்சம் வந்த இடத்தில் ஆராய்ச்சி முளைக்கின்றது.

இக்கேள்விகள் கொழும்புக்கு மட்டும் உரியவையல்ல. ஒவ்வொரு பாடசாலை அணிக்கும் ஒவ்வோர் ஊர்க் கழகத்துக்கும் பயிற்றுவிப்பாளர் ஒருவர் வேண்டும். அவரைத் தெரியும்போது, இன்னாருக்கு உறவினர் என்பதாலோ, பழைய நட்சத்திர வீரர் என்பதாலோ, கழகத்துக்குப் பணம் கொடுத்தார் என்பதாலோ தெரிவது எங்கும் காணப்படும் பழக்கம். சிறுவருக்குப் பொறுமையாகக் கற்பிக்க வல்லவரா, ஆட்டக்காரரைத் தெரியும்போது பக்கஞ்சாராது நிற்பவரா என்று பார்ப்போர் சிலரே. பன்னிரண்டு வயதில் ஒரு பையனுக்குக் கிடைத்த பயிற்றுவிப்பாளர் எத்தகையவரோ, இருபத்திரண்டாம் வயதில் தேசிய அணிக்குக் கிடைக்கும் ஆட்டக்காரனும் அத்தகையவனே. தேசியப் பயிற்றுவிப்பாளர் யாராயினும், கீழே இருந்து வருபவர்களை வைத்தே அவர் அணி கட்டவேண்டும். அடித்தளத்தில் கல் இல்லையாயின் மேல்மாடிக்கு எந்தக் கொத்தனாரை அழைத்தும் பயனில்லை.

பெரிய பெயர் ஒன்று வரட்டும், வராமற் போகட்டும். நாட்டின் பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்படுபவர் எந்த மொழி பேசினும், எந்தத் தேசத்தவராயினும், அவருடைய திறமைக்குச் சான்று அவர் முன்பு வாங்கிய கிண்ணங்களில் மட்டும் இல்லை. இந்நாட்டில் அவர் எத்தனை மைதானங்களுக்குச் சென்றார், எத்தனை இளைஞரைப் பெயர் சொல்லி அழைக்க அவரால் முடிகின்றது என்பதிலும் இருக்கின்றது. அவரை நியமித்தவர்களின் நேர்மைக்குச் சான்றும், முதற்தோல்வி வந்த மறுநாள் அவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்லுகின்றனர் என்பதிலே வெளிப்படும்.